லாஸ் வேகஸில் நான்கு இரவு, சூதாட்டம் பூஜ்யம்: ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2025 மார்ச் முதல் வாரம், ஞாயிறு மாலையிலிருந்து வியாழன் மதியம் வரை நாங்கள் ஐந்து பேர் லாஸ் வேகஸில் இருந்தோம். அப்பாவுக்கு 71 வயது, பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, 66. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். என் மனைவிக்கு சிகரெட் புகை பட்டாலே மூச்சு இழுக்கும். மகளுக்கு 14. ஐந்தாவது ஆள் நான். எங்களில் யாருமே சூதாடுவதில்லை.

பயணத் திட்டத்தைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது: "சூதாடுற ஊருக்கு சூதாடாதவன் எதுக்குப் போகணும்? கள்ளுக்கடையில போய் மோர் கேக்குற மாதிரி இருக்கு." அங்கிருந்து 30 மைலில் ஹூவர் அணை இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, ஒரு காசுகூட மெஷின்ல போடக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

அந்த நிபந்தனைதான் இந்த ஆய்வுக்கு அடிப்படை. சூதாடாதவருக்கு அந்த ஊர் என்ன கொடுக்கிறது, பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது நோக்கம். எல்லா பில்லையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்தேன். நடந்த தூரத்தை மகளின் கைபேசி எண்ணியது. அத்தையின் புகார்கள் மட்டும் என் நினைவிலிருந்து.

ஊர் எப்படி மாறியது

1905-இல் ரயில் பாதையோரம் மனைகளை ஏலம் விட்டதில் உண்டான ஊர் இது. நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருடம்தான் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. நாம் படங்களில் பார்க்கும் ஸ்ட்ரிப் என்ற அந்த நாலு மைல் சாலையில் பெரும்பகுதி, சட்டப்படி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள் வரவே வராது. அது கிளார்க் மாவட்ட நிர்வாகத்தில் உள்ள பாரடைஸ் என்ற பகுதி. சொர்க்கம் என்று பெயர் வைத்துவிட்டு நகராட்சி வரியிலிருந்தும் விலகி நிற்கிறார்கள்.

ரொம்ப காலத்துக்கு அறையும் சாப்பாடும் அங்கே தூண்டில் புழு. மலிவாகக் கொடுத்தால் ஆள் மேசைப் பக்கமே கிடப்பான், போட்ட காசு வேறு வழியில் திரும்பி வந்துவிடும். 1989-இல் வாசலில் ஒரு செயற்கை எரிமலையோடு மிராஜ் விடுதி திறந்ததும் கட்டடத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் கோட்டை, பிரமிட், கடற்கொள்ளைக் கப்பல் என்று வரிசையாக எழும்பின. எம்ஜிஎம் கிராண்ட் விடுதியின் பின்புறம் குழந்தைகளுக்கென்று ஒரு கேளிக்கைப் பூங்காகூட இருந்தது. பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. பூங்கா போனாலும் அதற்குப் பின்னால் இருந்த கணக்கு நிலைத்துவிட்டது. 1990-களின் கடைசியிலேயே ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளில் அறை, உணவு, மது, நிகழ்ச்சி எல்லாம் சேர்ந்த வருமானம் சூதாட்ட வருமானத்தை முந்திவிட்டது. இன்றைக்குச் சூதாட்டத்தின் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்று, சில வருடங்களில் அதற்கும் குறைவு. காலங்காலமாக இலவசமாக இருந்த வாகன நிறுத்தத்துக்கு 2016-இல் கட்டணம் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். கட்டணம் இன்னும் இருக்கிறது.

அதாவது, ஒரு காலத்தில் சூதாடித் தோற்றவர்கள் மற்றவர்களின் சோற்றுக்கு மானியம் கொடுத்தார்கள். இப்போது சோறே வியாபாரம். சூதாடாத நாம் அங்கே வேண்டாத விருந்தாளி என்று நினைத்தால் தப்பு. நாம்தான் இப்போது முக்கியமான வாடிக்கையாளர். இதையெல்லாம் கிளம்பும் முன்பே படித்திருந்தேன். படித்தபோது உறைக்காதது பில் வந்தபோது உறைத்தது.

74 டாலர் அறை

அறை ஒன்றுக்கு இரவுக்கு 74 டாலர் என்று திரையில் பார்த்துதான் இரண்டு அறை எடுத்தேன். ஞாயிறு முதல் வியாழன் வரை விலை குறையும், வெள்ளி சனியில் எகிறும் என்பதால் நாட்களையும் அப்படியே தேர்ந்தெடுத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ரிசார்ட் கட்டணம் என்று 50 டாலர் ஏறியது. இணையம், உடற்பயிற்சிக் கூடம், நாங்கள் தொடவே தொடாத தரைவழித் தொலைபேசி, இதெல்லாம் அதில் அடக்கமாம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அறை வாடகை, ரிசார்ட் கட்டணம் இரண்டின் மேலும் 13 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக வரி. 74 என்று பார்த்தது 140-இல் வந்து நின்றது.

நாங்கள் போய் வந்த பிறகு, 2025 மே 12 முதல், தங்கும் விடுதிகளும் நிகழ்ச்சி டிக்கெட் விற்பவர்களும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி அமலுக்கு வந்தது. கட்டணம் ஒழியவில்லை, ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது. வரி இன்னும் கடைசியில்தான் சேரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை அறைக்குள் நடந்தது. அத்தை வந்தவுடன் செய்த முதல் வேலை, இன்சுலின் பேனாக்களைக் குளிரில் வைப்பது. குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே கை நுழைய இடமில்லாமல் பாட்டில்கள், சாக்லேட், முந்திரி டப்பா. அத்தை ஒழுங்கான ஆள். பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, மருந்தை உள்ளே வைத்து, மறுபடி இரண்டே இரண்டு பாட்டிலை மட்டும் அதன் முன்னால் காவலுக்கு வைத்தார். "ஓட்டல்காரன் பொருளைத் தொடாம பத்திரமா வெச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கு அடியிலும் சென்சார் இருப்பதும், தூக்கிச் சில நொடிகளுக்குள் திருப்பி வைக்காவிட்டால் வாங்கியதாகக் கணக்கில் ஏறும் என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை தொலைக்காட்சித் திரையில் பில்லைத் திறந்து பார்த்தால், அத்தை ஒரே இரவில் பதினோரு பாட்டிலும் இரண்டு டப்பா முந்திரியும் காலி செய்திருந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த பையன் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. "மருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் நீக்கினான். தினமும் இதே வேலையாக இருக்கும்போலிருக்கிறது. கேட்டிருந்தால் மருந்துக்கென்று தனிக் குளிர்பெட்டி அனுப்பியிருப்போம் என்றான். எங்கும் எழுதி ஒட்டாத ஒன்றை எப்படிக் கேட்பது என்று அத்தை தமிழில் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அறையில் கெட்டிலும் கிடையாது, காபி போடும் இயந்திரமும் கிடையாது. ஸ்ட்ரிப்பில் பல விடுதிகளில் இதே நிலைதான். காபி வேண்டுமென்றால் கீழே போக வேண்டும். கீழே போக ஒரே வழிதான் இருக்கிறது.

வழி எங்கே போனாலும் அங்கேயே

லிஃப்டிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து உணவகத்துக்கு, உணவகத்திலிருந்து கழிப்பறைக்கு, எங்கே போனாலும் சூதாட்டத் தளத்தைக் கடக்காமல் முடியாது. நேர்ப்பாதை என்று ஒன்று இருக்காது. தரைவிரிப்பில் கண்ணைக் கூசும் சுருள் சுருளான கோலம். பாதை வளைந்து வளைந்து இரண்டு பக்கமும், பணம் போட்டுப் பொத்தானைத் தட்டிச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களை உரசிக்கொண்டு போகும். ஜன்னல் இல்லை. சுவரில் கடிகாரம் இல்லை. லிஃப்டிலிருந்து காபிக் கடைக்கு 430 அடி வைக்க வேண்டியிருந்தது என்று மகள் எண்ணிச் சொன்னாள்.

நெவாடாவில் 21 வயது நிரம்பாதவர் சூதாடக் கூடாது. சூதாட்டத் தளத்தில் தங்கவும் கூடாது. பாதையில் நடந்து கடக்கலாம். நிற்பதற்கும் நடப்பதற்கும் உள்ள அந்த வித்தியாசத்தை மகள் முதல் நாளே கற்றுக்கொண்டாள். எருமை படம் போட்ட ஒரு மெஷின் முன்னால் நாலு நொடி நின்றிருப்பாள், சீருடைக்காரர் ஒருவர் வந்து புன்னகையோடு, "நடந்துகொண்டே இருங்கள்" என்றார். அந்த வாக்கியத்தை அவள் பயணம் முழுக்க எங்களிடம் பயன்படுத்தினாள், முக்கியமாகத் தாத்தா புகைப்படம் எடுக்க நின்றபோதெல்லாம்.

மனைவிக்குத்தான் கஷ்டம். நெவாடாவில் பொது இடங்களில் புகைக்கத் தடை உண்டு, சூதாட்டத் தளங்களுக்கு அதில் விலக்கு. வாசனை திரவியத்தைக் காற்றில் கலந்து புகை நாற்றத்தை அமுக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வருகிறது. ஸ்ட்ரிப்பில் புகைக்கவே விடாத முதல் காசினோ விடுதி பார்க் எம்ஜிஎம்; 2020-இல் அப்படி மாறியது. மூன்றாம் நாளிலிருந்து எங்கள் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். இதை முதல் நாளே செய்யாதது என் தவறு.

சூதாட்டத் தளத்தை நான் நின்று பார்த்தது திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அப்பாவோடு காபி தேடிப் போனபோது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போனார். மினுங்கும் மாலை உடையில் ஒரு பெண், காலணியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, பொத்தானை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் சுழலும் பந்து எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் மேசை ஒன்றில் மூன்று பேர். அப்பா ஓரமாக நின்றுவிட்டார். பெரியவர்கள் நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"மொத்தம் எத்தனை குழி?" என்றார்.

"1 முதல் 36. அப்புறம் ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். 38."

"ஒரு நம்பர் விழுந்தா எவ்வளவு கொடுக்கிறான்?"

"ஒன்றுக்கு முப்பத்தஞ்சு."

காபிக் கடையின் காகிதத் துண்டில் அப்பா எழுதிப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் ஒன்றுக்கு 37 கொடுக்க வேண்டும், 35 கொடுக்கிறான். 38-இல் 2 அவனுக்கு. நூறு டாலர் வைத்தால் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் மேசையிலேயே தங்கிவிடும். இப்போது மூன்று பூஜ்யம் போட்ட மேசைகளும் வந்துவிட்டன. அங்கே 39-இல் 3, அதாவது 7.69. கூடுதலாக ஒரே ஒரு பச்சைக் குழி, தோல்வி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேசையில் இருந்தவர்களில் யாரும் குழிகளை எண்ணிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆனால் அப்பாவின் கண்ணில் பட்டது அதுவல்ல. சக்கரத்துக்கு மேலே ஒரு பலகையில் கடைசியாக விழுந்த எண்கள் வரிசையாக ஒளிர்ந்தன. கறுப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, கறுப்பு. மூவரில் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்து சிவப்பில் அடுக்கினார்.

"பழைய நம்பரை இவன் எதுக்குக் காட்டுறான்? அதால ஆடுறவனுக்கு லாபம்னா காட்டுவானா?" என்றார் அப்பா.

அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சக்கரத்துக்குப் போன சுற்று நினைவிருக்காது, ஆடுபவருக்குத்தான் இருக்கிறது. அந்த நினைவுக்குத் தீனி போடத்தான் பலகை.

திரும்பி வரும்போது அப்பா தரையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மெஷினிலிருந்து வெளியேறும்போது மீதிப் பணத்துக்குப் பதிலாக அச்சாகி வரும் சீட்டு. 37 சென்ட். யாரோ மதிக்காமல் போட்டுப் போயிருக்கிறார்கள். எதிரே வந்த காவலரிடம் நீட்டினார். அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிப் போய்விட்டார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

காசில்லாமல் பார்த்தவை

பெல்லாஜியோ விடுதியின் நீரூற்றைப் பற்றி எல்லோரும் சொல்லுவார்கள். காற்று வேகமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மார்ச்சில் அங்கே காற்று அதிகம். முதல் நாள் மாலை முக்கால் மணி நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏரியையே பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் நாள் இரவு பார்த்தோம். எட்டு ஏக்கர் ஏரி, 1,200-க்கும் மேற்பட்ட குழாய் முனைகள், உச்சபட்சம் 460 அடி உயரம். எண்கள் இருக்கட்டும். தண்ணீர் மேலே போகும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் நெஞ்சில் அடிக்கும். அப்புறம் ஒரு நொடி முழு அமைதி, அந்தத் தண்ணீர் அத்தனையும் திரும்ப ஏரியில் கொட்டும் வரை. அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா என்று அப்பாவுக்குக் கோபம். அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, முன்பு அங்கே இருந்த டியூன்ஸ் விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ந்த கிணற்று நீர் என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க நின்றார்.

அதே கட்டடத்துக்குள் வரவேற்புக் கூடத்தின் கூரையில், டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞர் தொங்கவிட்ட, ஊதிச் செய்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள். அதையும் தாண்டி, வருடத்துக்கு ஐந்து முறை மாற்றி அமைக்கும் பூங்கா. எல்லாம் இலவசம். ஃபிளமிங்கோ விடுதியின் பின்முற்றத்தில் நிஜமான ஃபிளமிங்கோ பறவைகள் நிற்கின்றன, அதற்கும் காசில்லை. பழைய நகர்ப்பகுதியில் ஃப்ரீமாண்ட் தெருவின் மேல் 90 அடி உயரத்தில் தெரு நெடுக மூடிய ஒளித்திரை; பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தால் போதும், சத்தம் தாங்கவில்லை.

மகள் வந்ததே ஸ்ஃபியர் என்ற, வெளிப்பக்கமெல்லாம் ஒளித்திரையான உருண்டை அரங்கத்துக்காக. 366 அடி உயரம், 516 அடி அகலம், 2023 செப்டம்பரில் திறந்தது. உள்ளே போக டிக்கெட் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளியே இருந்து பார்க்கக் காசு இல்லை. சாலையைக் கடக்கும் ஒரு நடைமேம்பாலத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. உருண்டை முழுவதும் ஒரே கண்ணாக மாறி இமைத்தபோது அவள் படம் பிடிக்க நின்றாள். 2024 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் கொண்டுவந்த விதிப்படி ஸ்ட்ரிப்பின் நடைமேம்பாலங்களில் நிற்பது குற்றம். அங்கேயும் ஒருவர் வந்து சொன்னார்: "நடந்துகொண்டே இருங்கள்."

நடை என்றதும் ஒரு விஷயம். "அதோ அந்தக் கட்டடம்தான்" என்று யாராவது கை காட்டினால் நம்பாதீர்கள். கட்டடங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை, அதனால் தூரம் கண்ணை ஏமாற்றும். சாலையைக் குறுக்கே கடக்க முடியாது. மேம்பாலம் ஏறி, யாரோ ஒருவருடைய கடைத்தெருவுக்குள் இறங்கி, மறுபடி வெளியே வர வேண்டும். இரண்டாம் நாள் மகளின் கைபேசி 21,000 காலடி காட்டியது. அத்தையின் முழங்காலுக்கு அது தேவையில்லாத கணக்கு. மூன்றாம் நாளிலிருந்து மோனோரயில், இரண்டடுக்குப் பேருந்து, சில விடுதிகளுக்கு இடையே ஓடும் இலவச ரயில் பெட்டிகள் என்று மாறினோம்.

காசு கொடுத்துப் பார்த்ததில் மனைவிக்குப் பிடித்தது நியான் அருங்காட்சியகம். செத்துப்போன காசினோக்களின் பெயர்ப்பலகைகளைத் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1955-இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்த முதல் காசினோ விடுதியான முலான் ரூஜின் எழுத்துக்கள் அங்கே இருக்கின்றன. அதை வரைந்தவர் பெட்டி வில்லிஸ். 1959-இல் ஸ்ட்ரிப்பின் தெற்கு முனையில் வைத்த அந்தப் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையும் அவர் வரைந்ததுதான். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. சாவிக்கொத்திலும் கோப்பையிலும் அந்தப் பலகையைப் போட்டு ஊரே விற்கிறது.

நிகழ்ச்சி ஒன்றுதான் போனோம். பெல்லாஜியோவில் 1998-இலிருந்து நடக்கும் சர்க் து சொலெய் என்ற சர்க்கஸ் குழுவின் நீர் நிகழ்ச்சி. மேடைக்குப் பதிலாக 15 லட்சம் காலன் தண்ணீர் உள்ள குளம். ஒருவர் தலைகீழாகப் பாய்ந்த அதே இடத்தில் அடுத்த நிமிடம் இன்னொருவர் நடந்து போகிறார். உறையில் இருந்த பில்களில் அறைக்கு அடுத்து பெரியது இதுதான். வருத்தமில்லை.

அணை

புதன் காலை வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தென்கிழக்கே போனோம். வழியில் போல்டர் சிட்டி. அணை கட்ட வந்த தொழிலாளிகளுக்காக 1931-இல் கூட்டாட்சி அரசே கட்டிய ஊர். வேலையாள் கூலியைத் தொலைத்துவிடக் கூடாது என்று அப்போதே சூதாட்டத்தைத் தடைசெய்தார்கள். இன்றைக்கும் தடை இருக்கிறது. நெவாடாவில் சூதாட்டம் கூடாத ஊர்கள் இரண்டே இரண்டு; இது ஒன்று, பனாக்கா மற்றொன்று. மரநிழல், குறுகிய கடைத்தெரு, பெஞ்சில் உட்கார்ந்து பேசும் கிழவர்கள். அத்தை காரிலிருந்து இறங்கி, "இங்க ஒரு மணி நேரம் உக்காந்துக்கட்டுமா? சத்தமே இல்ல" என்றார். மூன்று நாளாகக் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது அப்போதுதான் எங்களுக்கும் புரிந்தது.

அணையின் மேல் நடந்தபோது அப்பா எங்களை மறந்துவிட்டார். 726 அடி உயரம். அடியில் 660 அடி தடிமன், உச்சியில் 45 அடி. கான்கிரீட் இறுகும்போது சூடாகும். இவ்வளவு பெரிய கட்டியைத் தானாக ஆறவிட்டால் நூறு வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், ஒரு அங்குல எஃகுக் குழாய்களைப் பல நூறு மைல் நீளத்துக்கு உள்ளே பதித்துக் குளிர்ந்த நீரை ஓட விட்டார்கள். ஒரே வார்ப்பாக ஊற்றவில்லை, கட்டம் கட்டமாகத்தான் ஊற்றினார்கள். கான்கிரீட்டுக்குள் தொழிலாளிகளின் உடல் புதைந்து கிடக்கிறது என்ற கதைக்கு அதனால்தான் இடமில்லை என்று அப்பா மகளுக்கு விளக்கினார். இறந்தவர்கள் உண்டு, வேலையிடத்து விபத்தில் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்லும் எண்ணிக்கை 96. 1931-இல் தொடங்கி 1935-இல் முடித்துவிட்டார்கள். அந்த வருடம் செப்டம்பர் 30 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். "நாலு வருஷம்" என்று அப்பா கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிச் சொன்னார். எந்த வேலையை நினைத்துக்கொண்டு தட்டினார் என்று நான் கேட்கவில்லை.

நீர்பிடிப்புப் பக்கம் ஏரிக்குள் நான்கு கோபுரங்கள் நிற்கின்றன. அதில் இரண்டில் பெரிய கடிகாரம். மகள்தான் கவனித்தாள்.

"தாத்தா, ஒண்ணு தப்பா ஓடுது."

தப்பில்லை. அணையின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. ஒரு கடிகாரம் நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். கோடையில் நெவாடா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. அப்போது இரண்டும் ஒரே நேரம் காட்டும். நாங்கள் போனது அந்த மாற்றத்துக்குச் சில நாள் முன்பு. ஒன்றில் 11:20, இன்னொன்றில் 12:20. மூன்று நாளில் நாங்கள் பொது இடத்தில் பார்த்த முதல் கடிகாரங்கள் அவை.

அன்று மாலை ரெட் ராக் கேன்யனும் போனோம். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே அரை மணி நேரம். 13 மைல் ஒருவழிச் சாலை, அக்டோபரிலிருந்து மே வரை காருக்கு நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். செம்பாறையில் வெயில் சாய்ந்தபோது மனைவி கண்ணாடியை இறக்கி ஆழமாக மூச்சு விட்டாள். அதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்யவில்லை.

உறையைப் பிரித்தபோது

பில்களை அடுக்கியதில் முதலிடம் அறைக்கு, பாதியை நெருங்கியது. அடுத்து நிகழ்ச்சி. மூன்றாவது சாப்பாடு, அதில் காபியும் தண்ணீர் பாட்டிலும் மட்டுமே தனியாகக் கூட்டினால் வெட்கமாக இருக்கிறது. கடைசி இடம் காருக்கும் அணைக்கும் ரெட் ராக்குக்கும். எங்கள் ஐவரையும் கேட்டால் பயணத்தின் சிறந்த நாள் என்று ஐவரும் சொல்வது அந்தக் கடைசி இடத்தைத்தான்.

ரிசார்ட் கட்டணம் மட்டும் இரண்டு அறை, நான்கு இரவு, மொத்தம் 400 டாலர், வரி நீங்கலாக. அப்பாவின் ரூலெட் கணக்குப்படி 400 டாலர் தோற்க வேண்டுமானால் சராசரியாக 7,600 டாலர் பந்தயம் வைத்திருக்க வேண்டும். ஒரு காசும் வைக்காமலே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

மறுபடி போனால் சிலதை மாற்றுவேன். காசினோவே இல்லாத விடுதிகளும் ஸ்ட்ரிப்பில் இருக்கின்றன. விடாரா அப்படி ஒன்று: புகையில்லை, மெஷினில்லை, அறைகளில் சின்னச் சமையல் இடம் உண்டு. வாடகை கூடுதலாகத் தெரிந்தாலும் காபி, மூச்சு, முழங்கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் லாபம். ஸ்ட்ரிப்புக்கு இரண்டு இரவு போதும். மிச்ச நாட்களில் காலையிலேயே பாலைவனத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். கோடையில் மட்டும் அந்த யோசனையே வேண்டாம். 2024 ஜூலையில் அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருக்கிறது. வேடமிட்டுத் தெருவில் நிற்பவர்களோடு படம் எடுத்துக்கொள்வதாக இருந்தால் பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை, அந்தக் கதையைச் சொல்ல மகள் அனுமதிக்கவில்லை.

சிறுவர்களோடு போகலாமா என்று கேட்டால் என் பதில் தயக்கமானதுதான். மகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான்கு நாளும் அவள் போக முடியாத இடத்தின் ஓரமாகவே நடந்தாள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் நான் கூட்டிப்போக மாட்டேன்.

வியாழன் மதியம் விமான நிலையம். புறப்பாட்டு வாயில் பக்கத்திலும் ஸ்லாட் மெஷின்கள். காத்திருப்பு நாற்காலிகள் நிறைந்திருந்ததால் அத்தை ஒரு மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி முழங்காலை நீவினார். மெஷின் அவரைப் பார்த்து ராகம் பாட ஆரம்பித்தது. "நடந்துகொண்டே இருங்கள்" என்றாள் மகள்.

அப்பா போர்டிங் பாஸைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவியதில் அந்த 37 சென்ட் சீட்டு வந்தது. மாற்றாமல் காலாவதியாகும் சீட்டுப் பணத்தில் நான்கில் மூன்று பங்கு நெவாடா அரசுக்கு, ஒரு பங்கு காசினோவுக்கு என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். அப்பா மனதுக்குள் வகுத்தார்.

"இருபத்தேழே முக்கால் சென்ட் கவர்மெண்டுக்கு. ஒன்பதே கால் அவனுக்கு" என்றார். அப்புறம், "இதை வரவுன்னு எழுதுவியா, செலவுன்னு எழுதுவியா?"

உறையை நீட்டினேன். பில்களுக்கு நடுவே செருகிவிட்டு, எங்கள் விமானத்தைக் கூப்பிட்டார்களா என்று பார்க்கப் போனார்.